அரை ஏக்கர் ஓ.எஸ்.ஆர். நிலம்: பேவர் பிளாக் பூங்காவாக முடியாமல் இருக்கக் குடியிருப்போர் என்ன செய்யலாம்?

சென்னையின் தென்புறநகர் மனைப்பிரிவு ஒன்றிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அரை ஏக்கர் ஓ.எஸ்.ஆர். நிலம், அதாவது மனைப்பிரிவில் திறந்தவெளிக்காக ஒதுக்கிய பொது நிலம், சும்மா கிடக்கிறது, மாநகராட்சி பூங்கா போடப்போகிறது, அது பக்கத்து வார்டைப் போலப் பேவர் பிளாக், கொரியன் புல், டைனோசர் பொம்மை என்று முடியக் கூடாது, பறவையும் வண்ணத்துப்பூச்சியும் வர என்ன மரம் நடலாம், குடியிருப்போர் சங்கம் எப்படி உதவலாம், அங்கே கிரிக்கெட் ஆடும் பையன்களை என்ன செய்வது என்று. மரத்தைப் பற்றிய கேள்வியாகத் தெரிகிறது. ஆனால் நீங்கள் எழுதியதில் பாதி வேறு விஷயம்: ‘புதர் விட்டால் பாம்பு வரும்’ என்று சங்கத்தில் பலர் எதிர்க்கிறார்கள், போன வருஷம் ஜூன் 5 அன்று நட்ட கன்றுகள் காய்ந்துபோயின, எஸ்டிமேட்டில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே நீங்கள் உண்மையில் கேட்பது, அந்த நிலத்தில் என்ன இருக்கும் என்பதை யார், எப்போது முடிவு செய்கிறார்கள், நட்ட பிறகு இரண்டு கோடைக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்பதைத்தான். மரப்பட்டியல் அதற்குப் பிறகு வருவது. அதையும் கடைசியில் தருகிறேன்.

முதலில் நிலம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் வழியாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். உங்கள் அரை ஏக்கர் அப்படி வந்ததாகத்தான் இருக்கும். அந்தப் பத்திரத்தின் நகல், அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடம், சர்வே எண்ணுக்கான நில அளவை வரைபடம் ஆகிய மூன்றையும் முன்கூட்டியே கையில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லைக் கல் எங்கே என்று சர்வேயர் அளந்து காட்டாத வரை வேலிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவர் இரண்டடி உள்ளே வந்திருப்பது சகஜம். பூங்கா திறந்த பிறகு அதைக் கிளப்பினால் ஊர்ச் சண்டையாகிவிடும். இன்னொன்று, இந்த நிலம் பொதுச்சொத்து. உங்கள் சங்கம் பணம் போட்டாலும், பராமரிப்பைத் தத்தெடுத்தாலும், ‘குடியிருப்போருக்கு மட்டும்’ என்று பூட்டுப் போட உரிமை கிடையாது. சங்கக் கூட்டத்தில் இதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. பலர் ஆர்வமாகப் பணம் கொடுப்பதே அந்தப் பூட்டை மனத்தில் வைத்துத்தான்.

முடிவு எடுக்கப்படும் இடம் எஸ்டிமேட். மண்டல அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் போடும் எஸ்டிமேட்டில் நடைபாதைக்கு இத்தனை சதுர மீட்டர் பேவர் பிளாக், இத்தனை மீட்டர் கிரில், இத்தனை விளக்கு என்று உருப்படி வாரியாக வரும். அது டெண்டருக்குப் போய்விட்டால் பிறகு நீங்கள் எவ்வளவு அழகாகப் பேசினாலும் ஒப்பந்ததாரர் பட்டியலில் உள்ளதைத்தான் செய்வார். செய்யாவிட்டால் அவருக்குப் பில் பாஸ் ஆகாது. அதனால் உங்கள் யோசனைகள் எஸ்டிமேட்டுக்கு முன்னால், அதே உருப்படி மொழியில் போய்ச் சேர வேண்டும். ‘இயற்கையான பூங்கா வேண்டும்’ என்று மனுக் கொடுத்தால் கோப்பில் தூங்கும். ‘நடைபாதை ஆறடி அகலம், கிராவல் போட்டு இறுக்கியது, பேவர் பிளாக் நுழைவாயிலிலிருந்து கழிப்பறை வரை மட்டும், ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் குறைந்தது நாலடிக்கு நாலடி மண் திறந்திருக்க வேண்டும்’ என்று எழுதினால் பொறியாளருக்கு அதில் வேலை செய்ய ஏதோ இருக்கிறது. வார்டுக்குள் ஒரு பகுதி மக்கள் கூடும் பகுதி சபாக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி, வார்டு உறுப்பினர் கையெழுத்தோடு அனுப்புங்கள். பணமும் போடத் தயார் என்றால் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பொதுமக்கள் பங்காகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைக் கட்டி வேலையை எடுக்கலாம். பங்கு கட்டியவர்களின் பேச்சுக்கு எஸ்டிமேட் மேசையில் கூடுதல் மதிப்பு இருக்கிறது என்பது ரகசியமில்லை.

சரி, யாருடைய யோசனை? வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களை மட்டும் கேட்டால் நடைப்பயிற்சிப் பாதையும் திறந்தவெளி ஜிம்மும்தான் வரும். அந்த நிலத்தை இப்போதே பயன்படுத்துகிறவர்கள் வேறு ஆட்கள்: மத்தியானம் நிழல் தேடும் டெலிவரி பையன்கள், வீட்டு வேலை முடித்துப் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள், கட்டட வேலை செய்யும் குடும்பங்களின் குழந்தைகள், சாயங்காலம் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள். ஒரு வாரம், காலை 6, மத்தியானம் 2, மாலை 6 என்று மூன்று நேரம் யார் எங்கே உட்காருகிறார்கள், எந்த வழியாகக் குறுக்கே நடக்கிறார்கள் என்று ஒரு வரைபடத்தில் புள்ளி வையுங்கள். மக்கள் நடந்து நடந்து விழுந்த ஒற்றையடிப் பாதைதான் உங்கள் நடைபாதை. அதை மீறி வளைவு வளைவாகப் போட்டால் செடியை மிதித்துக்கொண்டு குறுக்கேதான் போவார்கள். அடுத்தது, கோலப்பொடியோ சுண்ணாம்போ எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலத்திலேயே முழு அளவில் பாதை, ஊஞ்சல், பெஞ்சு, மரங்களை வரைந்துவிடுங்கள். காகிதத்தில் பிளான் பார்த்துக் கருத்துச் சொல்லாதவர்கள், தரையில் வரைந்ததும் ‘இங்கே பெஞ்சு போட்டால் வெயில் அடிக்கும்’ என்று தானாகச் சொல்வார்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு மூட்டை சுண்ணாம்பு.

எல்லோரும் வரும்படி இருப்பது என்பதும் அளவு விஷயம்தான். பைக் நுழையாமல் இருக்க வாசலில் வைக்கும் வளைந்த கம்பித் தடுப்பு சக்கர நாற்காலியையும் குழந்தை வண்டியையும் சேர்த்துத் தடுக்கிறது. மூன்றடித் தெளிவான வழி ஒன்று கட்டாயம் வேண்டும். சரிவுப் பாதையில் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். பெஞ்சு ஒன்றரை அடி உயரம், முதுகு சாய, கை ஊன்ற வசதியோடு. கைப்பிடி இல்லாத கிரானைட் பலகையில் உட்கார்ந்தால் மூட்டு வலிக்காரர்கள் எழுந்திருக்கத் திண்டாடுவார்கள். வாசல் ஒன்றுக்கு இரண்டு இருந்தால் பெண்கள் தயங்காமல் வருவார்கள். ஒரே வாசல், உள்ளே முட்டுச்சந்து என்றால் மாலை ஆறரைக்கு மேல் ஆண்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். விளக்கு மஞ்சள் நிறத்தில், கீழ்நோக்கி மூடியதாக, பாதையில் மட்டும் விழட்டும். உயரக் கம்பத்தில் வெள்ளை ஃபோகஸ் விளக்கு போட்டால் பூச்சி, பறவை எல்லாவற்றுக்கும் தொந்தரவு. அதோடு அந்தக் கூச்சத்தில் நிழல் மறைவுகள் இன்னும் இருட்டாகத் தெரியும். கழிப்பறையும் குடிநீரும் இல்லாத பூங்காவில் வீட்டு வேலைக்காரப் பெண்களும் சின்னக் குழந்தைகளும் கால் மணி நேரத்துக்கு மேல் தங்க மாட்டார்கள்.

இப்போது பாம்பு. எதிர்க்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். தென்புறநகரில் சாரை மட்டுமல்ல, நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் உண்டு. ‘வரவே வராது’ என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. உறுதியாகச் சொல்லக்கூடியது, பாம்பு எலியையும் தவளையையும் தேடி வருகிறது, எலி சாப்பாட்டுக் கழிவையும் ரப்பீஸ் குவியலையும் தேடி வருகிறது என்பது. எனவே முதல் வேலை கட்டட இடிபாட்டைக் காலி செய்வது, குப்பைத் தொட்டிக்கு மூடி போடுவது. இரண்டாவது வேலை செடிகளை வரிசைப்படுத்துவது: பாதையின் இரு பக்கமும் ஐந்தடிக்குப் புல்லை வெட்டித் தாழ்வாக வைத்து, அதற்கு அப்பால் இடுப்புக்குக் கீழான செடிகள், அதற்கும் பின்னால், சுவரோரமாக அடர்ந்த புதர். மரக்கிளைகள் ஆளுயரத்துக்கு மேல் இருக்கட்டும். இப்படிச் செய்தால் நடப்பவர் கண்ணுக்குத் தரையும் தெரியும், எதிரே வருகிறவரும் தெரிவார், தவிட்டுக்குருவிக்கும் செண்பகப் பறவைக்கும் ஒளிய இடமும் இருக்கும். ஜோன் நாசாவர் என்ற அமெரிக்க நிலவமைப்பு அறிஞர் 1995-லேயே இதைச் சுட்டிக்காட்டினார்: காட்டுத்தனமான செடிகளை மக்கள் வெறுப்பது செடிக்காக அல்ல, கவனிப்பாரற்ற இடம் என்று தோன்றுவதற்காக, ஓரத்தை வெட்டி ஒழுங்காக வைத்தால் நடுவில் உள்ளதை ஏற்றுக்கொள்வார்கள். நம் ஊரில் இது இன்னும் பொருந்தும். ஓரம் வெட்டிய புதர் ‘தோட்டம்’, வெட்டாத புதர் ‘காடு மண்டிக் கிடக்கு’. பாம்பு தென்பட்டால் அடிக்காமல் வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்வது என்பதை வாசலில் எண்ணோடு எழுதி வையுங்கள்.

கன்றுகள் காய்ந்ததற்குக் காரணம் ஜூன் 5. உலகச் சுற்றுச்சூழல் நாள் உலகத்துக்குச் சரி, சென்னைக்குச் சரியில்லை. அப்போதுதான் அக்கினி நட்சத்திரம் முடிந்திருக்கும், மேல்காற்று அனலாக வீசும். நம் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டரில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. நடவேண்டிய காலம் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை, முதல் நல்ல மழைக்குப் பிறகு. வேர் நாலு மாதம் ஈரத்தில் ஓடியபின் கோடையைப் பார்க்கும். புகைப்படத்துக்காக ஜூனில் விழா வேண்டுமென்று யாராவது கேட்டால், அன்று குழி தோண்டும் விழா வையுங்கள்.

குழியும் சும்மா இல்லை. ஓ.எஸ்.ஆர். நிலங்களில் பெரும்பாலும் மேலே இரண்டு மூன்றடி ரப்பீஸ்தான் இருக்கும். கடப்பாரை கணீரென்று அடித்தால் மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம் தோண்டி, ஜல்லியை வெளியே எடுத்து, மேல்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு நிரப்ப வேண்டும். நல்ல மண் என்றால் இரண்டடி போதும். அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை: ஓரடிக் குழியில் தண்ணீர் நிரப்பி மறுநாள் பாருங்கள். வற்றாமல் நின்றால் களிமண், அங்கே மேடு கட்டித்தான் நட வேண்டும், நீர்மருது, புங்கன் போன்ற ஈரம் தாங்கும் மரங்கள்தான் சரி. அரை மணியில் காணாமல் போனால் மணல். எருவைக் கூட்டுங்கள், புன்னையும் பூவரசும் பிழைக்கும். நடும்போது வழக்கமாக நடக்கும் தவறுகள் மூன்று. பாலித்தீன் பையைக் கிழிக்காமல் வைப்பது. பைக்குள் சுருண்ட வேரை வெட்டிவிடாமல் வைப்பது. அந்தச் சுருள் தொடர்ந்து பருத்து, பத்து வருஷம் கழித்து மரம் புயலில் அடியோடு சாய்வதற்கு ஒரு காரணமாகிறது. தண்டின் கழுத்தை மண்ணுக்குள் புதைப்பது, அடிப்பட்டை அழுகிவிடும். மேலே நாலு விரல் கனத்துக்குச் சருகு மூடாக்குப் போடுங்கள், தண்டை ஒட்டாமல்.

எத்தனை மரம்? ‘முந்நூறு கன்று நடுகிறோம்’ என்று உற்சாகமாகக் கிளம்புவார்கள். கணக்குப் போடுங்கள். அரை ஏக்கர் சுமார் 2,000 சதுர மீட்டர். அதில் பாதிக்கு நிழல் வேண்டும், பாதி வெயில் விழ வேண்டும், ஏனென்றால் வண்ணத்துப்பூச்சிக்கும் பூக்கும் செடிக்கும் வெயில் தேவை. எட்டு மீட்டர் விரியும் மரம் ஒன்று ஐம்பது சதுர மீட்டரை மூடும். அப்படியானால் இருபது பெரிய மரம், ஐந்தாறு சின்ன மரம், அவ்வளவுதான். மீதி உற்சாகத்தை முந்நூறு புதர்ச்செடிகளில் காட்டலாம். இதற்குக் கோடையில் தண்ணீர் எவ்வளவு? இருபத்தைந்து மரத்துக்கு வாரம் இரண்டு முறை இருபது லிட்டர், அது 1,000 லிட்டர். முந்நூறு செடிக்கு வாரம் இரண்டு முறை நாலு லிட்டர், அது 2,400. வாரம் 3,400 லிட்டர், மார்ச் முதல் ஜூன் வரை பதினேழு வாரத்துக்கு ஏறக்குறைய 58,000 லிட்டர். 9,000 லிட்டர் லாரியில் ஏழு நடை. இரண்டாம் கோடைக்குப் பாதி போதும், மூன்றாவதில் மரங்கள் தாமாக நிற்கும். இந்த ஏழு லாரிக்கு வழி தெரியாமல் நடுவிழா வைக்க வேண்டாம் என்பதே என் அழுத்தமான கருத்து. பக்கத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு இருந்தால் அவர்களிடம் பேசுங்கள். கோடையில்கூட அவர்களிடம் சுத்திகரித்த நீர் மிஞ்சும், மரங்களுக்கு அது போதுமானது. மழைக்காலத்துக்காக நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் ஓரடி ஆழத்தில் நீளமான பள்ளம் ஒன்று எடுத்து, பாதையில் விழும் நீரை அதில் திருப்புங்கள். இரண்டு நாளில் வடிந்துவிடும் அளவுக்கே இருக்கட்டும். முட்டையிலிருந்து கொசு பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்பதால் அதற்குள் வடிகிற நீரில் கொசு உருவாகாது. நிரந்தரக் குளம் அரை ஏக்கரில் வேண்டாம்; வேலி போடவே இடம் போய்விடும்.

மியாவாக்கி பற்றி யாராவது கேட்பார்கள். சதுர மீட்டருக்கு மூன்று, நாலு கன்று நெருக்கி நடும் முறை. மாநகராட்சியே 2020-லிருந்து பல இடங்களில் செய்திருக்கிறது. வேகமாக உயர்கிறது, பசுமைச் சுவர்போல நிற்கிறது என்பது நிச்சயம். நம் கடற்கரைச் சமவெளியின் இயல்பான காடு அதுதானா என்பது சந்தேகத்துக்குரியது. இங்கே இயற்கையாக இருந்தது கிண்டி தேசியப் பூங்காவில் மிஞ்சியிருப்பதைப் போன்ற குட்டையான உலர் பசுமைமாறாக் காடு: வீரை, காசான், உலக்கைப்பாலை, காரை, கிளா என்று மெதுவாக வளரும் மரமும் புதரும், நடுநடுவே வெட்டவெளி. மியாவாக்கித் திட்டில் மனிதர் உள்ளே போக முடியாது, வெயில் விழாது. சத்தமும் தூசியும் வரும் சாலைப் பக்கத்தில் நூறு சதுர மீட்டருக்கு ஒரு துண்டு வைக்கலாம், முழு நிலத்துக்கும் வேண்டாம்.

மரப்பட்டியல், சுருக்கமாக. பெரியவை: புங்கன், நாவல், மகிழம், இலுப்பை, புன்னை, வேம்பு. சுவரிலிருந்து இருபதடி தள்ளி ஒரே ஒரு அத்தி. அது காய்க்கும்போது குயிலும் குக்குறுவானும் மற்ற எல்லா மரத்தையும் மறந்துவிடும். சின்னவை: சரக்கொன்றை, மந்தாரை, வில்வம், நுணா. புதர்: நொச்சி, ஆடாதொடை, ஆவாரை, வெட்சி, விராலி, கிளா, கிளாவில் முள் உண்டு, சுவரோரம் மட்டும். வண்ணத்துப்பூச்சிக்குப் பூவைவிடப் புழு தின்னும் இலை முக்கியம். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் இருந்தால் எலுமிச்சை அழகி முட்டையிடும், எருக்கில் வெந்தய வரியன், கொன்றையிலும் ஆவாரையிலும் கொன்றை வெள்ளையன். இலை ஓட்டையாகும், அதற்கு மருந்தடித்தால் மொத்த ஏற்பாடும் வீண். குழந்தைகள் விளையாடும் பக்கம் அரளி வேண்டாம், எல்லாப் பாகமும் நஞ்சு. கோனோகார்பஸ் என்ற அயல் மரக்கன்றை எந்த நர்சரி இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். குல்மொஹர், தூங்குமூஞ்சி விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் அவை அதிகம் விழுந்தன என்று சொல்லி அயல் மரமெல்லாம் விழும், நாட்டு மரமெல்லாம் நிற்கும் என்று பேசுகிறோம். சாலையோரத்தில் வேரைச் சுற்றிக் கான்கிரீட் போட்டு, கேபிளுக்காக ஒரு பக்க வேரை வெட்டிய மரம் எந்த இனமானாலும் விழும். எவ்வளவு பங்கு இனத்தால், எவ்வளவு நம் கைங்கரியத்தால் என்று பிரித்துச் சொல்வது கடினம். குல்மொஹரையும் தூங்குமூஞ்சியையும் புதிதாக நட வேண்டாம் என்பேன். நிலத்தில் ஏற்கெனவே நிழல் தரும் மரம் இருந்தால் வெட்டவும் வேண்டாம். வெட்டவோ கிளை கழிக்கவோ மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும்.

பறவைகளைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். தேன்சிட்டு, தையல்சிட்டு, கொண்டைக்குருவி, செண்பகம், குளிர்காலத்தில் மாங்குயில், இவை மூன்று நாலு வருஷத்தில் வர நல்ல வாய்ப்பு. அதைத் தாண்டி அரை ஏக்கர் எவ்வளவு தாங்கும் என்பது சுற்றிலும் உள்ள வீட்டு மரங்களைப் பொறுத்தது. நடுவதற்கு முன்பே ஒரு ஜனவரியில், பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நாட்களில் பதினைந்து நிமிடம் நின்று இப்போது என்ன இருக்கிறது என்று பதிந்துவிடுங்கள். அது இல்லாமல் பிற்பாடு ‘அதிகமாயிற்று’ என்று சொல்வது வெறும் நம்பிக்கை.

கடைசியாகப் பராமரிப்பு, இங்கேதான் பெரும்பாலான பூங்காக்கள் தோற்கின்றன. ஒப்பந்ததாரரின் வேலைப்பட்டியலில் ‘தினமும் பெருக்குதல், புல் வெட்டுதல், வேலிச்செடி கத்தரித்தல்’ என்று இருக்கும். அந்தத் துடைப்பம் சருகை எல்லாம் வாரிக்கொண்டு போகும். சருகில்லாமல் மண்புழு இல்லை, தவிட்டுக்குருவி கிளறித் தின்ன ஒன்றும் இல்லை, மண் வெயிலில் ஓடாகும். பெருக்குகிற அம்மாவிடம் குறை சொல்லிப் பயனில்லை, சருகு கிடந்தால் மேஸ்திரி அவரைத்தான் கேட்பார். பட்டியலிலேயே ‘பாதையில் மட்டும் பெருக்குதல், சருகை மரத்தடியில் போடுதல், எரிக்கக் கூடாது, புதரை ஆண்டுக்கு ஒரு முறை மழை முடிந்ததும் கத்தரித்தல், பூச்சிமருந்து இல்லை’ என்று மாற்றி எழுத வைக்க வேண்டும். சங்கம் தத்தெடுப்பதாக இருந்தால் ஒப்பந்தத்தில் மின்கட்டணம், தண்ணீர், காவலாளி சம்பளம் ஒவ்வொன்றும் யாருடையது, எத்தனை ஆண்டு, பெயர்ப்பலகை எவ்வளவு பெரிது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்கா பல்லாண்டுகளாக ஒரு தனியார் நிறுவனத்தின் பராமரிப்பில் நன்றாக இருப்பதற்குக் காரணம் தொடர்ச்சியான பணம். கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிய இடம் ‘நிழல்’ என்ற மர ஆர்வலர் அமைப்பின் முயற்சியில் மரப் பூங்காவானது தொடர்ச்சியான ஆள்களால். வார இறுதிகளில் தன்னார்வலர்கள் வந்து களை எடுத்து, மூடாக்குப் போட்டு, கன்றைப் பார்த்தார்கள். உங்களிடம் இரண்டில் எது நிச்சயம் என்று பார்த்து அதற்கேற்ற அளவில் தொடங்குங்கள். ஐம்பது பேர் கொண்ட குழு வேண்டாம், வாரம் ஒரு நாள் தவறாமல் வரும் எட்டுப் பேர் போதும், அதில் இரண்டு பேர் உங்கள் மனைப்பிரிவுக்கு வெளியே இருப்பவர்களாக இருக்கட்டும்.

கிரிக்கெட் பையன்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அரை ஏக்கரில் கிரிக்கெட்டும் கன்றும் சேர்ந்து பிழைக்காது. ஆனால் விரட்டினால் வேலி முதல் மாதமே போய்விடும். நிலத்தின் ஒரு முனையில் அறுபதடிக்கு நாற்பதடி வெறும் மண் தரை விட்டு, மாலை 4 முதல் 6 வரை அவர்களுக்கு என்று எழுதிவிடுங்கள். அதன் ஓரத்து ஆறு மரங்களுக்கு வாரம் இரண்டு முறை தண்ணீர் ஊற்றுவது அவர்கள் பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.